குடியை விட்ட பிறகு பாடியவர்

சிகிரியாவில் படமான ஒரு பொப் பாடலும், அதில் தோன்றிய இளைஞர் போதையிலிருந்து மீண்ட கதையும்

1982 ஏப்ரல் மாதம். மாத்தளை மாவட்டத்தின் வட பகுதியில், காட்டுக்கு மேலாகச் சுமார் 200 மீற்றர் உயர்ந்து நிற்கும் சிகிரியாப் பாறையின் உச்சியில் ஒரு பொப் பாடலுக்கான காட்சிகள் படமாகிக்கொண்டிருந்தன. ஐந்தாம் நூற்றாண்டில் தகப்பனைக் கொன்று அரசேறிய காசியப்பன், தம்பி படையோடு வருவான் என்ற அச்சத்தில் மாளிகை கட்டிக்கொண்டு வாழ்ந்த அதே உச்சி. யுனெஸ்கோ சிகிரியாவை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்ததும் அந்த 1982ஆம் ஆண்டில்தான்.

வந்திருந்தவர்கள் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரத்து இசைக்குழு ஒன்றின் இளைஞர்கள். குழுவின் பெயர் டுரான் டுரான். பாடல் 'சேவ் எ பிரேயர்'. இயக்குநர் அவுஸ்திரேலியரான ரசல் மல்காஹி. சிகிரியாவின் உச்சியிலும் பொலன்னறுவையின் புத்தர் சிலைகளுக்கு முன்னாலும் தென்கடலின் கரையிலும் அவர் எடுத்த காட்சிகளை அந்த ஆண்டிலேயே உலகம் பார்த்தது. ஓகஸ்டில் வெளியான பாடல் பிரித்தானியத் தரவரிசையில் 2ஆம் இடம்வரை போனது. 24 மணி நேரமும் பாடற்காட்சிகளை ஒளிபரப்பும் எம்ரிவி அமெரிக்காவில் தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்தத் திரைக்கு இலங்கையின் பாறையும் பனையும் யானையும் புதுமை. அந்த நிலத்தில் நடந்து வந்த ஐந்து அழகர்கள் அதைவிடப் புதுமை.

ஐவரில் பேஸ் கிற்றார் வாசித்தவர் ஜோன் டெய்லர். அப்போது வயது 21. அந்தப் பத்தாண்டில் இங்கிலாந்துச் சிறுமியரின் படுக்கையறைச் சுவர்களில் அதிகம் ஒட்டப்பட்ட முகங்களில் அவருடையதும் ஒன்று. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் கொக்கெயினும் மதுவும் அந்த முகத்துக்குச் சொந்தக்காரரைச் சாவின் ஓரம்வரை இழுத்துப் போயின. 1994இல் அவர் இரண்டையும் விட்டார். அதன் பிறகு குழுவையும் விட்டு வெளியே வந்து, முன்னால் நின்று தனியாகப் பாடினார். அவர் வாழ்க்கையில் உலகம் கொண்டாடுவது 1980களை. நான் எழுத வந்தது 1994இற்குப் பிந்திய ஆண்டுகளைப் பற்றி. குடி வீட்டுக்கு வீடு தெரிந்த துயரமாக இருக்கும் மாத்தளையில், அந்த ஆண்டுகளில்தான் நமக்கு எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறது என்று நம்புகிறேன்.

நைஜல் ஜோன் டெய்லர் 1960 ஜூன் 20ஆம் திகதி பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. பேர்மிங்ஹாமின் புறநகரில் ஹொலிவூட் என்றே பெயர் கொண்ட ஓர் ஊரில் வளர்ந்தார். தகப்பன் இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரிடம் போர்க் கைதியாக இருந்து திரும்பியவர். அந்தக் காலத்தைப் பற்றி வீட்டில் வாய் திறக்காத மனிதர். கத்தோலிக்க வீடு, ஞாயிறு தவறாத கோயில், மூக்கில் கண்ணாடி, எவரோடும் சட்டென்று ஒட்டாத கூச்சம். இந்தக் கூச்சத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். போதையைப் பற்றிப் பேசும்போது பொருளைப் பற்றியே பேசுகிறோம். அது எந்த மனக்குறையின் வாசல் வழியாக உள்ளே வந்தது என்று கேட்பதில்லை.

பள்ளிக்கூட வயதிலேயே நிக் ரோட்ஸ் என்ற தோழன் கிடைத்தான். இருவருக்கும் ரொக்ஸி மியூசிக் குழுவின் மீது பித்து. 1978இல் இருவரும் சேர்ந்து குழு தொடங்கினார்கள். 'பார்பரெல்லா' என்ற திரைப்படத்தில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயரே குழுவின் பெயரானது. ரம் ரன்னர் என்ற இரவு விடுதி அவர்களுக்குப் பயிற்சிக்கூடமும் பிழைப்புமானது. ரொஜர் டெய்லர் மேளத்துக்கு வந்தார், அன்டி டெய்லர் கிற்றாருக்கு வந்தார், 1980இல் சைமன் லு பொன் பாட வந்தார். மூன்று டெய்லர்களுக்கும் உறவு எதுவும் இல்லை. ஜோன் முதலில் பிடித்தது கிற்றாரைத்தான். அமெரிக்கக் குழுவான ஷீக்கில் பேர்னாட் எட்வர்ட்ஸ் வாசித்த பேஸ் இசையைக் கேட்ட பிறகு பேஸே அவருடைய கருவியாயிற்று. பாட்டின் அடியில் கிடந்து ஆட்டத்தைத் தாங்கும் கருவி அது. முன்னால் நின்று பாட வேண்டியதில்லை. கூச்சக்காரருக்கு ஏற்ற இடம்.

ஆனால் புகழ் அவரை அந்த இடத்தில் ஒளிந்திருக்க விடவில்லை. ஹோட்டல் வாசலில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பெயர் சொல்லிக் கத்துகிறார்கள். உள்ளே அறையில் ஆள் தனியே. ஒரே பிள்ளையாய் அமைதியான வீட்டில் வளர்ந்தவனுக்கு இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வாழ்வது என்று தெரியவில்லை. கொக்கெயின் கூச்சத்தைப் போக்கியது. மது கொக்கெயினின் பதற்றத்தைத் தணித்தது. 2012இல் வெளியான தன் வாழ்க்கை நூலில் அவர் இந்தக் காலத்தைக் கூசாமல் எழுதியிருக்கிறார்.

மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமின் என்ற இரசாயனம் சுரந்து, வேலை முடிந்ததும் திரும்ப உறிஞ்சப்படும். கொக்கெயின் அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. டோபமின் தேங்கி நிற்க, உற்சாகம் தலைக்கேறுகிறது. அது நிற்பது அரை மணியோ ஒரு மணியோதான். பிறகு முன்னிருந்ததைவிடக் கீழே இறக்கிவிடுகிறது, ஆகவே மறுபடி வேண்டும். இதோடு மதுவும் சேர்ந்தால் ஈரல் இரண்டையும் கலந்து கொக்காஎதிலின் என்ற மூன்றாவது பொருளை உண்டாக்குகிறது. அது உடம்பில் கொக்கெயினைவிட நீண்ட நேரம் தங்கும், இதயத்தை அதிகம் வருத்தும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று சமன்செய்யும் என்று நினைத்தே பலர் சேர்த்து எடுக்கிறார்கள். உடம்பின் கணக்கு வேறு.

இலங்கைப் படப்பிடிப்புக்குத் திரும்புகிறேன். அதே பயணத்தில் 'ஹங்ரி லைக் தி வூல்ஃப்' என்ற இன்னொரு பாடலுக்கும் படம்பிடித்தார்கள். அமெரிக்காவில் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது அதுதான், அங்கே 3ஆம் இடம். அன்டி டெய்லர் களப்பின் மேல் சாய்ந்திருந்த மரக்கிளையிலிருந்து தண்ணீரில் விழுந்தார். விழுங்கிய நீரால் வந்த நோய் பின்னர் அவரை வைத்தியசாலையில் படுக்க வைத்தது. படச்சுருளில் இருப்பது அமைதியான, பொன்வெயில் பரந்த ஒரு தீவு. அவர்கள் விமானமேறிப் பதினைந்து மாதங்களில், 1983 ஜூலையில், தமிழருக்கெதிரான வன்முறையின்போது, மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குத் தீவைக்கப்பட்டது. தமிழ் வாசகருக்கு அந்தப் பாடற்காட்சியைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வராமல் இராது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அழகு மட்டுமே தெரிந்த இடத்தில் உள்ளே வேறொன்று புகைந்துகொண்டிருந்தது என்பது நாட்டுக்கும் பொருந்தும், அந்தத் திரையில் சிரித்து நின்ற 21 வயதுப் பையனுக்கும் பொருந்தும்.

1985 உச்சம். ஜேம்ஸ் பொண்ட் படத்துக்காக அவர்கள் பாடிய 'எ வியூ டு எ கில்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டில் ஜோனும் அன்டியும், பாடகர் ரொபர்ட் பாமர், ஷீக் குழுவின் மேளக்காரர் டொனி தொம்சன் ஆகியோரோடு சேர்ந்து பவர் ஸ்டேஷன் என்ற இன்னொரு குழுவையும் நடத்தினார்கள். அதன் இறுவட்டைத் தயாரித்தவர், எவரைக் கேட்டு ஜோன் பேஸைக் கையிலெடுத்தாரோ அந்த பேர்னாட் எட்வர்ட்ஸ். 1985 ஜூலை 13இல் எதியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியில், பிலடெல்பியா மேடையில் ஜோன் இரண்டு குழுக்களோடும் ஏறினார். அதற்குப் பிறகு டுரான் டுரானின் ஐவரும் ஒரே மேடையில் நிற்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

1986இல் முதல் தனிப்பாடல் வந்தது. 'நைன் அண்ட் எ ஹாஃப் வீக்ஸ்' என்ற திரைப்படத்துக்காகப் பாடிய 'ஐ டூ வட் ஐ டூ' அமெரிக்காவில் 23ஆம் இடத்தைத் தொட்டது. ஒருவர் முதன்முறையாகத் தனியே பாடிய பாட்டு அந்த உயரம் போவது சாதாரணமில்லை. ஆனால் அதைத் தொடர்ந்து அவரால் ஓர் இறுவட்டைக்கூடத் தனியாகத் தர முடியவில்லை. ரொஜரும் அன்டியும் குழுவை விட்டுப் போனார்கள். மிஞ்சிய மூவர் தொடர்ந்தார்கள். கூட்டம் குறைந்தது. குடி குறையவில்லை.

போதைக்குள் இருப்பவரை வெளியே உள்ளவர்கள் அடையாளம் காண்பது கடினம், குறிப்பாக அவர் வேலைக்கு வந்துகொண்டிருந்தால். 1993இல் 'ஓர்டினரி வேர்ல்ட்' என்ற பாடல் அவர்களை அமெரிக்காவில் மறுபடி 3ஆம் இடத்துக்குத் தூக்கியது. பத்திரிகைகள் மீண்டெழுந்த குழு என்று எழுதின. அந்த மீட்சிக்கு நடுவில் பேஸ் வாசித்தவர் இன்னும் மீளவில்லை. 1992இல் அவருக்கு மகள் பிறந்திருந்தாள். குழந்தை வளர்கிறது, தகப்பன் வீட்டில் இருந்தும் இல்லாமலிருக்கிறார். தோட்டத்து லயத்திலும் இதைத்தான் காண்கிறோம், வசதி மட்டும் வேறு.

1994இல், 34 வயதில், அவர் சிகிச்சைக்குப் போனார். அன்றிலிருந்து மதுவையும் போதைப்பொருளையும் தொடவில்லை.

அவர் சார்ந்து நிற்பது பன்னிரண்டு படிகள் என்று அறியப்படும் வழி. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரரும் பொப் சிமித் என்ற வைத்தியரும் சந்தித்தபோது பிறந்தது அது. இருவரும் குடியால் நொடிந்தவர்கள். தன் குடியை மறைக்காமல் இன்னொரு குடிகாரரிடம் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் குடிக்கத் தோன்றவில்லை என்பதை வில்சன் கண்டார். அங்கிருந்து உருவானதுதான் ஆல்கஹாலிக்ஸ் அநோனிமஸ். என்னால் இதைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்று ஒப்புக்கொள்வது முதற்படி. என்னால் நொந்தவர்கள் யார் என்று எண்ணிப் பார்ப்பதும், முடிந்த இடத்தில் ஈடுசெய்வதும் பின்னால் வரும் படிகள். கூட்டத்தில் எவரும் எவருக்கும் துரையில்லை. கட்டணம் இல்லை. கோடீஸ்வரப் பாடகரும் வேலையிழந்த லொறிச் சாரதியும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருக்கலாம். தன் பெயரைக் கேட்டாலே உலகம் கத்தும் ஒருவருக்கு, முதற்பெயர் மட்டும் சொல்லி உட்காரக் கூடிய ஓர் அறை எவ்வளவு பெரிய கொடையாக இருந்திருக்கும்!

சிகிச்சையால் வந்த தெளிவு அவரைப் பழைய மேடையோடு மட்டும் நிறுத்தவில்லை. 1995இல் லொஸ் ஏஞ்சலிஸின் வைப்பர் ரூம் என்ற சிறிய விடுதியில் நண்பர்களோடு வாசிக்கத் தொடங்கினார். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் ஸ்டீவ் ஜோன்ஸ், கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவின் டஃப் மக்ககன், மட் சோரம். நியூரொட்டிக் அவுட்சைடர்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். மக்ககனுக்கு 1994இல் குடியால் கணையம் வெடித்து, மயிரிழையில் உயிர் தப்பியிருந்தது. விளிம்புவரை போய் வந்தவர்கள் கூடி வாசித்த குழு அது. 1996இல் ஓர் இறுவட்டு வந்தது, பெரிதாக விற்கவில்லை. டுரான் டுரானின் மெருகேறிய ஒலிக்குப் பதிலாக அதில் கரடுமுரடான கிற்றார்கள். இந்த இசையில் ஜோன் பாடுகிறார், எழுதுகிறார். குரலில் லு பொன்னின் வீச்சு இல்லை. ஆனால் ஒளிந்துகொள்வதும் இல்லை.

1997 ஜனவரியில், தானே தொடங்கிய டுரான் டுரான் குழுவை விட்டு விலகினார். சிறுவயதுத் தோழனோடு பத்தொன்பது ஆண்டுகள் கட்டி வளர்த்தது. பிரிந்து வந்து அவர் தேடிப் போனது பெரிய கம்பனியையோ பெரிய மேடையையோ அல்ல. சொந்தமாகச் சிறிய லேபிள் வைத்துக்கொண்டார். 'ஃபீலிங்ஸ் ஆர் குட் அண்ட் அதர் லைஸ்' என்ற முதல் தனி இறுவட்டில், மணமுறிவின் வலியையும் தன்மேல் தனக்கிருந்த கோபத்தையும் அதிகம் துடைக்காமல் பாடினார். தொடர்ந்து சிறு சிறு இறுவட்டுகள். இணையம் தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே இரசிகர்களுக்கு நேரடியாக விற்றார். அரங்குகள் போய்ச் சிறு விடுதிகள் வந்தன. 1999இல் 'சுகர் டவுன்' என்ற சிறிய திரைப்படத்தில், புகழ் மங்கிய ரொக் இசைக்காரராக நடித்தார். தன் அச்சத்தையே பாத்திரமாக ஏற்று நடிக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

பொப் வரலாறு எழுதுபவர்கள் இந்த ஆண்டுகளை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், தோல்விக் காலம் என்று. தரவரிசையைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். எனக்கு அவை அவர் வாழ்வின் மிகப் பெரிய வேலையாகத் தெரிகின்றன. குடியில்லாமல் மேடையேற முடியுமா, கத்தும் கூட்டமில்லாமல் பாட்டெழுத முடியுமா, கூச்சத்தோடேயே மனிதர் முன்னால் நிற்க முடியுமா என்ற கேள்விகளுக்கு அந்த மனிதர் ஒவ்வோர் இரவும் சிறிய அறைகளில் விடை தேடினார். முறிந்த கையைக் கட்டவிழ்த்த பிறகு முதலில் கோப்பையைத் தூக்கிப் பழகுவதைப் போன்றது அது. சிகிச்சை மையத்தில் ஒரு மாதம் இருந்து வருவதை நாம் குணமாதல் என்று சொல்கிறோம். வேலை திரும்பவும் கைகூட ஆண்டுகள் எடுக்கும், அந்த வேலை சின்னதாகவே இருக்கும். அதைச் சின்னதாகவே இருக்க விட வேண்டும்.

இதை ரொபி வில்லியம்ஸின் கதையோடு வைத்துப் பார்த்தால் தெளிவாகும். 1995இல் டேக் தட் குழுவை விட்டு வந்த அவர், 1997இல் 'ஏஞ்சல்ஸ்' பாடலோடு தனிப்பாடகராக வானளவு உயர்ந்தார். தனித்து நின்ற வெற்றி அவரைக் காப்பாற்றவில்லை. 2007இல், தன் 33ஆவது பிறந்தநாளில், சிகிச்சை மையத்தில் சேர்ந்தார். பாடகர் எல்டன் ஜோன் 1990இல் மதுவையும் போதையையும் நிறுத்தி, 1992இல் எயிட்ஸ் நோயாளருக்கான அறக்கட்டளையைத் தொடங்கினார். ஒரே தொழில், ஒரே போதை, வேறு வேறு வரிசை. புகழ் முந்திக்கொண்டால் அது போதைக்குக் காவலாக நிற்கிறது. டெய்லருக்குத் தெளிவு முதலில் வந்தது, தனி இறுவட்டுகள் அதன் பின்னால் வந்தன.

'தண்ணி போட்டாத்தான் பாட்டு வரும்' என்ற பேச்சு நம்மிடமும் உண்டு. ஊரில் நல்ல பாட்டுக்காரர் ஒருவர் குடியால் இறந்தால், சாவு வீட்டிலேயே அவருடைய குடியையும் கலையையும் சேர்த்துப் புகழ்கிறோம். டெய்லரின் கதை அதற்கு நேர் மறுப்பு. குடித்த ஆண்டுகளில் அவரிடமிருந்து ஒரே ஒரு தனிப்பாடல்தான் பெயர் சொல்ல வந்தது; குடியை விட்ட பின்னர் இறுவட்டு இறுவட்டாக வந்தன. ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையின் தொடக்கத்திலேயே நித்தி கனகரத்தினம் 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்று பாடி ஊரெல்லாம் ஆட வைத்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. குடிக்கு எதிரான பாட்டு ஆடத்தக்கதாகவும் இருக்கலாம் என்று காட்டியவர் நம்மவர்.

2001இல் டுரான் டுரானின் பழைய ஐவரும் மறுபடி சேரத் தீர்மானித்தார்கள். அப்போது அவர்களுக்கு ஒலிப்பதிவுக் கம்பனிகூட இல்லை. 2003இல் மேடை ஏறினார்கள். 2004 ஏப்ரலில் இலண்டன் வெம்பிளி அரங்கில் ஐந்து இரவுகள் நிறைந்தன. அக்டோபரில் 'அஸ்ட்ரோநோட்' இறுவட்டு பிரித்தானியாவில் 3ஆம் இடம் பிடித்தது. அதே மேடை, அதே கத்தல், அதே ஹோட்டல் அறைகள். இந்த முறை அவர் தெளிந்த தலையோடு போனார். 2020 ஊரடங்கில் தன் பாடல்களின் பேஸ் பகுதிகளை இணையத்தில் இரசிகர்களுக்கு வாசித்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். 2022 நவம்பரில் டுரான் டுரான் ரொக் அண்ட் ரோல் ஹோல் ஒஃப் பேமில் சேர்க்கப்பட்டபோது, குடியை விட்டு 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி மாத்தளைக்கு வருவோம். மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர் தம்புள்ளைக் காடு தாண்டி நடந்து வந்த பாதை இந்த மாவட்டத்தின் நடுவால் போகிறது. வழியில் வாந்திபேதியிலும் பசியிலும் இறந்தவர்களின் எண்ணிக்கையை எவரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. தப்பி வந்தவர்கள் முதலில் கோப்பியிலும் பிறகு தேயிலையிலும் றப்பரிலும் நின்றார்கள். தோட்டத்தின் எல்லையில் சாராயக்கடை நின்றது. சம்பள நாளன்று கடை நிறைவதும், அன்றிரவு லயத்தில் பெண்களும் பிள்ளைகளும் விழித்திருப்பதும் நம் தலைமுறையிலும் நின்றபாடில்லை. சாராயம் விலை ஏறினால் கசிப்பு வருகிறது. இப்போது பையன்களிடம் ஐஸ் போதைப்பொருளும் வந்துவிட்டது.

அரசின் விடை பெரும்பாலும் பிடித்து அடைப்பது. 1984இல் அமைக்கப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை ஆலோசனையும் சிகிச்சையும் தருகிறது. 2006ஆம் ஆண்டின் சட்டம் மதுபான விளம்பரத்தைத் தடுத்து, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதையும் விலக்கியது. இவை நல்லவை. ஆனால் சாதாரணக் குடும்பங்களின் காதில் விழும் பெயர் கந்தகாடு. பொலன்னறுவை மாவட்டத்திலுள்ள அந்தப் புனர்வாழ்வு நிலையத்திலிருந்து 2022 ஜூனில், உள்ளே ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினார்கள். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிராகப் பொலிஸார் தொடங்கிய யுக்திய நடவடிக்கையில் ஆயிரமாயிரமாகக் கைதுகள் நடந்தன. இப்படிப் பிடித்துப் போகப்பட்ட மகனைப் பற்றித் தாய் அயலில் வாய் திறப்பதில்லை. மறைக்க வேண்டிய ஒன்றாகப் புனர்வாழ்வு மாறிவிட்டால், முதற்படியான ஒப்புக்கொள்ளலுக்கே இடமில்லாமல் போகிறது.

டெய்லரிடம் பணம் இருந்தது என்று சொல்லலாம். உண்மைதான். நல்ல சிகிச்சை மையத்துக்குப் போக முடிந்தது, சில ஆண்டுகள் சிறிய வருமானத்தில் பாட முடிந்தது. தோட்டத்து நாட்கூலிக்காரருக்கு அந்த அவகாசம் கிடையாது. ஆகவே பணமில்லாதவர்களிடம் இது எப்படி நடந்தது என்று தமிழ்நாட்டில் பார்க்க வேண்டும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற இளம் பெண்ணின் கணவர் 1979இல் குடியால் இறந்தார். அந்தக் காலத்தில் ஒரு பெரிய குடும்பம் அதை வெளியே சொல்வதே அரிது. அடுத்த ஆண்டே அவர் குடிநோயாளருக்கான சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று டி.டி.கே. மருத்துவமனை என்று அறியப்படுவது அது. வைத்தியமும் உளவளத்துணையும் மட்டுமன்றி, மனைவிக்கும் குடும்பத்துக்கும் தனியே நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். நகருக்கு வர முடியாதவர்களுக்காகத் திருவாரூர்ப் பக்கத்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய்ச் சிகிச்சை முகாம் போட்டார்கள். ஊரே இடம் தந்தது, ஊரார் ஆட்களைச் சேர்த்துக் கொண்டுவந்தார்கள், முகாம் முடிந்த பின்னரும் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். ஊருக்கு முன்னால் நடந்ததால் வெட்கம் தணிந்தது. மீண்டு வருபவருக்கு ஊரே சாட்சியும் துணையுமானது.

மாத்தளையில் இதைச் செய்வதற்கு வேண்டியது அதிகமில்லை. தோட்டத்துக் கோயில் மண்டபம் ஒன்று, மாவட்ட வைத்தியசாலையிலிருந்து ஒரு வைத்தியர். குடியைத் திடீரென்று நிறுத்தும்போது வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் அவர் கட்டாயம் வேண்டும். தமிழில் பேசத் தெரிந்த உளவளத்துணையாளர் ஒருவர். முகாமில் இருக்கும் நாட்களுக்கான நாட்சம்பளத்தை வெட்டாத ஒரு நிர்வாகம், அதற்காகப் பேசும் ஒரு தொழிற்சங்கம். முகாம் முடிந்த பிறகு, வாரத்துக்கு ஒரு மாலை, முன்பு குடித்தவர்கள் தாங்களாகவே கூடிப் பேச ஓர் அறையும் தேநீரும்.

மீண்டு வருபவர்களில் தப்புக்காரரும் பாட்டுக்காரரும் இருப்பார்கள். கலியாண வீட்டிலும் சாவு வீட்டிலும் வாசிக்க வருபவருக்குப் பாதிக் கூலியைப் போத்தலாகக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. குடியை விட்டவர் அந்தப் போத்தலை மறுத்தால் அடுத்த வீட்டுக்கு அவரைக் கூப்பிடாமலும் விடுகிறோம். டெய்லருக்குச் சிறு விடுதிகள் கதவு திறந்தன. வந்தவர்கள் காசு கொடுத்து இறுவட்டு வாங்கினார்கள். அதனால்தான் அந்த ஆண்டுகளை அவரால் தாண்ட முடிந்தது. மாசி மாதத்தில் முத்துமாரியம்மன் தேர் இழுக்கும்போது, குடியை விட்டு வந்த முதல் ஆண்டிலிருக்கும் தப்புக்காரருக்கு முன்வரிசையில் இடம் கொடுக்கலாம், கூலி முழுவதையும் காசாகவே கையில் கொடுக்கலாம்.